கம்பியூட்டருக்குள் இருந்தவள்

சுதாகரன் வேலையால் வந்ததும் முதலில் கம்பியூட்டரைத்தான் திறப்பான். சுனாமியில் போன முதல் மனைவியின் படம் அதற்குள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் தேநீர் குடிப்பதை, இரண்டாம் தாரமாக வந்த சுகிர்தா இரண்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? வயிறு எரியும்.

அன்று அவன் செங்கலடிக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், மேசைக்குக் கீழே, கரண்ட் போனாலும் கம்பியூட்டரை ஓட வைக்கும் யூ.பி.எஸ். பெட்டி விடாமல் கத்தியது. பெட்டி கொதித்தது. அழுகிய முட்டை நாற்றம் வீடெல்லாம் பரவியது.

எரிந்தால் எரியட்டுமே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, யூ.பி.எஸ். திருத்தும் ஏறாவூர் றிஸானுக்கு அவளே போன் எடுத்தாள்.

"அதைத் தொடாதீங்க தங்கச்சி! கதவு ஜன்னலத் திறந்து விட்டுட்டு, வெளியில இருக்கிற மெயின் சுவிட்ச நிப்பாட்டுங்க. பிள்ளையோட முத்தத்தில இறங்கி நில்லுங்க. நான் வாறன்."

வந்தவன் சூடு ஆறும்வரை காத்திருந்து, கையுறை போட்டு, வீங்கிக் கிடந்த பற்றரியைக் கழற்றினான்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எல்லாம் எரிஞ்சிருக்கும். இதக் குப்பையில போடக் கூடா, நான் கொண்டு போறன்" என்றவன், மெயின் சுவிட்சைப் போட்டு, கம்பியூட்டரை நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தான்.

திரை நிறையக் கலியாணக் கோலத்தில் செத்துப்போனவள்.

முற்றத்தில் நின்ற, சுதாகரனின் மூத்த தாரத்து மகள் ஓடி வந்தாள். "அம்மாக்குப் பக்கத்தில ரெட்டைப் பின்னலோட நிக்கிறது ஆரு, சின்னம்மா?"

"நான்தான் மகள்." சுகிர்தா திரையைத் தொட்டாள். "எங்கட அக்காட கலியாணம் அது."

அக்காவைப் பார்க்க அவளுக்கும் வேறு படம் இல்லை.