முட்டிவலி

"சர்க்கரை எந்த டப்பாவுல இருக்கு?"

அடுக்களையிலிருந்து கணவரின் குரல் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். அந்தத் தைரியத்தில்தான், மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை அவள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். தெரிந்தால், "பேரன் பேத்தி எல்லாம் எடுத்தாச்சு, இன்னும் மனசுக்கு என்னடி கேடு?" என்று எகிறுவார்.

அவள் போவதற்குள் மாத்திரை அட்டை அவர் கையில் இருந்தது.

"இது எதுக்கு?"

"முட்டிவலிக்குங்க."

"கேக்குதா?"

"இப்பதான் கொஞ்சம் தேவலை. காலையில எந்திரிக்கணும்னு தோணுது."

அவர் அறைக்குள் போனார். மகனுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

திரும்பி வந்தவர், தன் ஷேவிங் பெட்டியைத் திறந்து நீட்டினார். உள்ளே அதே மாத்திரை அட்டை, பாதி காலியாக.

"எனக்கும் அதே முட்டிவலிதான்டி. இது மட்டும் இல்லேன்னா நானாவது, டீ போட எந்திரிக்கறதாவது! சரி, சர்க்கரை எங்கேன்னு சொல்லு."