முதலில் பிரேக்கு

“டர்போவ மட்டும் பெருசா போட்டுக் குடுங்கண்ணே. மத்தத அடுத்த வருசம் பாத்துக்கலாம்லா.”

கார் பழுது பார்க்கும் எங்கள் பெங்கில் வாசலில் நின்று யுகேந்திரன் அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காடி. சும்மாவே புலி மாதிரி பாயும். அதுக்கு இன்னும் வேகம் வேணுமாம்.

“டர்போ பெருசானா கிளச் தாங்காது. கிளச்ச மாத்தினா கியர்பாக்ஸ் ஒத்துக்குமான்னு பாக்கணும். பெட்ரோல் பம்பு பத்தாது, ரேடியேட்டர் பத்தாது,” என்றார் அப்பா. “அதெல்லாம் அப்புறம். முதல்ல பிரேக்கு. நாலு சக்கரத்துக்கும். அது வராம டர்போவத் தொட மாட்டேன்.”

“பிரேக்கக் காட்டி பொண்ணு மடக்க முடியுமாண்ணே?”

“ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் மடக்க முடியாதுடா.”

யுகேந்திரன் சிரித்துவிட்டான். “சரி, போடுங்க.”

நான் கவுண்டரில் உட்கார்ந்து போனில் பிரேக் செட் தேட ஆரம்பித்தேன். ஸ்கூல் முடித்ததில் இருந்து சாமான் ஆர்டர் போடுவது என் வேலை. ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிற கஸ்டமர். இவனும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

“ஓ! இப்பதான் பிரேக்கு பேசுறியா?”

வாசலில் சன்னாசி பெரியப்பா. இறந்துபோன தேவன் அண்ணனுடைய அப்பா.

தீபாவளிக்கு மறுநாள் சுங்கை சிப்புட் ரோட்டில் தேவன் அண்ணனின் காடி ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பெரிய டர்போ போட்டுக் கொடுத்தது அப்பா. அன்றிலிருந்து பெரியப்பா வந்து கத்திவிட்டுப் போவார். எங்கள் பத்து காஜா ஊர் முழுக்கப் பேசிவிட்டார்கள். ஆள் வரத்து நின்றுவிட்டது.

“தம்பி, இவன்கிட்ட காடியக் குடுக்காதே. என் பிள்ளைக்கு வேகத்த ஏத்திக் குடுத்தான், நிறுத்துறதுக்கு ஒண்ணும் குடுக்கல. கொலகாரப் பய.”

“பிரேக்கு வந்து சேரலண்ணே,” என்றார் அப்பா, தரையைப் பார்த்து. “தீபாவளிக்கு ஓட்டியே ஆகணும்னு நின்னான். வர்ற வரைக்கும் மெதுவாப் போடான்னு சொல்லித்தான் சாவியக் குடுத்தேன்.”

“வர்றதுக்கு முன்ன ஏன்டா குடுத்தே?”

அப்பா சாவியைக் கொடுத்தது தப்புதான். அதற்காகத் தினமும் தெருவில் வைத்துச் செருப்பால் அடிக்க வேண்டுமா?

யுகேந்திரன் சாவியை எடுத்துக்கொண்டான். “அப்புறமா வாரேன்ணே.”

வர மாட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நிறுத்துங்க பெரியப்பா! எங்க அப்பா மட்டும்தானா? பெத்தவரு நீங்க. நீங்க ஏன் தடுக்கல?”

“சாந்தினி!” அப்பா அதட்டினார்.

பெரியப்பா என்னையே பார்த்தார். அப்புறம் அங்கே கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“தடுத்தேன்மா. ஒண்ணே ஒண்ணத் தடுத்தேன்.”

அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு பெட்டி வந்துச்சு. அவன் வேலைக்குப் போயிருந்தான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவனுக்கு இங்கிலீஷா தெரியும்? மேல காடி படம் போட்டிருந்துச்சு. இன்னும் எதையோ மாட்டிப் பறக்கப் போறான்னு பயந்து போயிட்டேன். மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கட்டிக் கொண்டுபோய் லொம்போங்ல தள்ளிட்டேன். பழைய ஈயம் தோண்டுன குட்ட, அடி ஆழம் எவனுக்குத் தெரியும்? அவன் கேட்டப்போ எதுவும் வரலடான்னு சொல்லிட்டேன்.”

“பெட்டி கனமா இருந்துச்சாண்ணே?” அப்பா மெதுவாகக் கேட்டார்.

“அம்மாடி! கல்லு மாதிரி.”

கடை தீபாவளிக்குப் பூட்டியிருக்கும் என்று தேவன் அண்ணன் வீட்டு முகவரிக்கே பிரேக் ஆர்டர் போட்டவள் நான். அந்த வீட்டுக்கு நாங்கள் அனுப்பச் சொன்னது ஒரே ஒரு பெட்டி.

வாயைத் திறந்தேன். அப்பா என் கையை எட்டிப் பிடித்தார். எலும்பு வலிக்கிற பிடி.

“படுத்தா தூக்கம் வராது,” என்றார் பெரியப்பா. “அந்தப் பெட்டிய நினைச்சுக்குவேன். எல்லாத்துலயும் தோத்துட்டேன், அப்பனா அந்த ஒண்ணையாச்சும் சரியாச் செஞ்சேன்னு. அத வச்சுத்தான் இன்னும் உசுரோட கிடக்குறேன். அதுல என்னா சாமான்டா இருந்துச்சு?”

யுகேந்திரன் இன்னும் போகவில்லை. காடிக் கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். எதிர்க் கடைக்காரரும் வெளியே வந்துவிட்டார். அப்பா உண்மையைச் சொன்னால் போதும். ஊர் வாய் மூடும். கடை பிழைக்கும்.

“டர்போண்ணே,” என்றார் அப்பா, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. “முன்ன போட்டத விடப் பெருசு. நான்தான் அனுப்பி வச்சேன். நீங்க குட்டையில போட்டதுதான் சரி.”