நடுரோட்டுப் பூசணிக்காய்

"இன்னாது? பூசணிக்கா கிடையாதா?"

டில்லிபாபு டீ கிளாஸை பெஞ்சில் டங்கென்று வைத்தான்.

"கிடையாது நைனா" என்றார் வலியுல்லா. ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர். "மைக் செட்டு இல்ல, வாழை மரம் இல்ல, சீரியல் லைட்டு இல்ல. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சாமி படம் வெச்சு, மாலை போட்டு, பொரி கடலை குடுக்கறோம். அவ்ளோதான்."

"சங்கத்துல துட்டு கீதே?"

"அண்ணாந்து பாரு. கூரை ஷீட்டு எப்டி தொங்கிக்கினு கீது? மழைக்கு முன்ன மாத்தலேன்னா எவன் மண்டையிலயாவது வுழும். பைக் டாக்ஸி வந்ததுலேர்ந்து வசூலும் படுத்துடுச்சு. எதையாவது வெட்டித்தானே ஆவணும்?"

டில்லிபாபு அண்ணாந்து பார்க்கவில்லை. ஆத்திரக்காரனுக்குக் கூரையாவது ஒன்றாவது!

மைக் செட் போனால் போகட்டும். ஆனால் பூசணிக்காய்? குங்குமம் கரைத்து ஊற்றி, சில்லறை போட்டு, கற்பூரம் ஏற்றி, எல்லா வண்டிக்கும் சுற்றி முச்சந்தியில் ஓங்கி உடைப்பது வருஷா வருஷம் அவன்தான். அந்த ஒரு நாள்தான் ஏரியாவே அவனை நின்று பார்க்கும். அதிலும் மண் விழுந்தால் எப்படி?

"ஒரு பூசணிக்கா வாங்கறதுக்குக்கூடவா வக்கில்ல?"

"துட்டுக்காக சொல்லல டில்லி. நடுரோட்டுல உடைக்கறோம். டூவீலர்காரன் எவனாவது வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

"எத்தினி வருஷமா உடைச்சிக்கினு கீறேன்? ஒருத்தனாவது வுழுந்திருக்கானா? சொல்லு பாய், ஒரே ஒருத்தன்!"

வலியுல்லா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு முழங்காலைத் தடவினார். மூட்டு ஆபரேஷன் ஆகி மாசம்கூட முடியவில்லை.

பதில் இல்லையென்றதும் டில்லிபாபுவுக்கு வெறி ஏறியது. அவர் அந்தண்டை போனதும் அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் தனபாலன் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"அவருக்கு இன்னா மச்சி தெரியும், நம்ம திருஷ்டி பத்தி?"

"அதானே! அவங்க பண்டிகைன்னா இப்டி வெட்டுவாரா?" என்றான் டில்லிபாபு.

போன ரம்ஜானுக்கு பாய் வீட்டுப் பிரியாணியை வளைத்து வளைத்து அடித்த வாய்தான் அதுவும்.

பூஜை அன்று காலை, ஜாம்பஜாரிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்து, தன் கைக்காசில் வாங்கி வந்து நின்றான் டில்லிபாபு.

வலியுல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொன்னா கேளுடா. ஓரமா வெச்சாவது உடை."

"ஓரமா உடைக்கறதுக்கு இதென்ன தேங்காயா? தள்ளு பாய்!"

சுற்றினான். ஓங்கினான். முச்சந்தியின் நட்டநடுவில் போட்டு உடைத்தான். ரோடெல்லாம் சிவப்பாகச் சிதறியது. பசங்கள் விசில் அடித்தார்கள்.

திருஷ்டி கழித்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டிகள் எல்லாம் வழக்கம்போல வடபழனி முருகன் கோயிலுக்குக் கிளம்பின. டில்லிபாபுதான் முதல் வண்டி. பாய் முகத்தில் கரியைப் பூசிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அர்ச்சனைத் தட்டை ஸ்டாண்டிலேயே விட்டது நினைவு வந்தது. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

முச்சந்தியில் ஒரே ஹாரன் சத்தம். நடுரோட்டில் ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. வலியுல்லாவின் ஆட்டோ.

அதன் மறைவில், ஆபரேஷன் ஆன காலை நீட்டிக்கொண்டு, தார் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார் அவர். பூசணிக்காயைக் கையால் வழித்து வழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் துடைப்பமும் ஒரு பக்கெட் மணலும் இருந்தன.

"யோவ் பெருசு! ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா?" என்று ஒரு பைக்குக்காரன் கத்திவிட்டுப் போனான்.

டில்லிபாபுவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்றது. வண்டியிலிருந்து குதித்தான்.

"பாய்! திருஷ்டி கழிச்ச காயில நீ ஏன் கை வெக்கறே? உடைச்சது பொறுக்கலியா உனுக்கு?"

கையிலிருந்த துண்டைச் சாக்குக்குள் விட்டெறிந்தார் வலியுல்லா. அவர் இப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை.

"பின்ன எவன்டா கை வெப்பான்? மிதிச்சாலே ஆவாதுன்னு சுத்திக்கினு போற பசங்க நீங்க! உடைப்பீங்க, திரும்பிப் பார்க்காம வடபழனிக்குப் போயிடுவீங்க. லீவு நாளு, குப்பை வண்டியும் வராது. வருஷா வருஷம் நான்தான்டா பெருக்கி மண்ணு போட்டுக்கினு கீறேன். இந்த வருஷம் கால் மடங்கல. அதான் வேணாம்னேன்!"

டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லியிருக்கலாமே பாய்..."

"சொல்லிக்காட்றதுக்காகவா செஞ்சேன்?"

துடைப்பத்தை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தாங்கிப் பிடிக்க வந்த அவன் கையைத் தட்டிவிட்டார்.

"ஒருத்தனாவது வுழுந்திருக்கானான்னு அத்தினி பேர் முன்னால கேட்டியே... ஏன் வுழலன்னு ஒரு வருஷமாவது கேட்டியாடா?"