முதலாளி விட்ட பக்கம்

“திருப்புறதுக்கு ஆர்டர் இல்ல தாயி. முதலாளி கடைசியாப் படிச்ச பக்கம். அவரு கண்ணை மூடுனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும்.”

தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியின் பங்களாவை அருங்காட்சியகமாக்கிய நாளிலிருந்து சடையாண்டிதான் இங்கே காவல். நர்கீஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் நிறைந்த எண்ணெய் ஓவியங்களையும் பார்க்கவில்லை. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து கிடக்கும் மொழிபெயர்ப்பு நாவலின் மேல் குனிந்திருக்கிறாள். ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் நுழைந்த வெயில் வலது பக்கத்தில் சிவப்பாக விழுகிறது. தாள் புரளாமல் முதலாளியின் மூக்குக்கண்ணாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நூலகத்துப் பிரதியில் இதற்குப் பிறகுள்ள தாள்களை எவரோ கிழித்துவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்து ஊரில் இன்னொரு பிரதி இதுதான். கதையில் ஏழு வருடம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டுகிறவன் மரியாவின் கணவன்தானா? ‘மரியா விளக்கை உயர்த்தினாள். அந்த முகம்’ என்பதோடு பக்கம் முடிந்துவிடுகிறது.

“வர்றவுக வாசிச்சுச் சொல்றாக. மூணு வருசமா அந்தப் பொம்பள விளக்கத் தூக்கிக்கிட்டே நிக்கிறாளாம். கை கடுக்காது?” சடையாண்டி சிரிக்கிறார். இடுப்பில் சாவிக்கொத்தும் சேர்ந்து குலுங்குகிறது. நர்கீஸின் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறது; துப்பட்டி நுனியால் அழுத்தித் துடைக்கிறாள். வாசலில் குதிரைவண்டிக்குள்ளிருந்து அவள் உம்மா மூன்றாம் தடவையாகக் கூப்பிடுகிறாள்.

“ஒரே ஒரு தாளுண்ணே. நான் தொடல, நீங்களே திருப்புங்க. சத்தமா வாசிக்கிறேன், வந்தது யாருன்னு நீங்களும் கேளுங்களேன்.”