ஏழு முறை காய்ச்சிய சிட்டம்

1934-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. வானத்தில் மேகம் இல்லை, வெயில் கடுமை, காற்று அறவே இல்லை. இளம்பிள்ளை என்னும் ஊரில் என் தறிக்குழியின் முன்னே சின்னண்ண வைத்தியர் கைகட்டி நின்றார்.

"என்ற மவ பெத்துப் பொழச்சதிலிருந்து வெளுத்துக் கெடக்கறா, கொழந்தவேலு. உன்ற மருந்துல ஒரு பொட்டணம் குடு சாமி," என்றார்.

வைத்தியரே என்னிடம் மருந்து கேட்டு வந்த காரணம் யாதெனில், என் மனைவி சுப்பம்மாளின் சோகை நீங்கியமையே. மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒரு குடம் நீர் இறைத்தாலே அவள் மயங்கிச் சாய்வாள். நாள்தோறும் முருங்கைக்கீரை உண்டால் போதும் என்று அப்போது வைத்தியர் கூறினார். நாற்பத்திரண்டாம் வயதில் இரவுப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புத் தேறிய என்னிடமா கீரையைப் பற்றிப் பேசுவது?

நான் ஒரு வைத்திய நூலை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் பயின்றேன். இரும்புலைகள் கழித்த கசடாகிய சிட்டம், நூறாண்டு மண்ணில் கிடந்ததாயின், சோகைக்கு மருந்தாகும் என்று அதில் கண்டிருந்தது. கஞ்சமலை அடிவாரத்தில் அத்தகைய சிட்டம் குப்பைமேடுபோல் கிடக்கின்றது.

ஒரு கூடை சுமந்து வந்தேன். அதை ஏழு முறை பழுக்கக் காய்ச்சி, ஏழு முறை பசுவின் மூத்திரத்தில் தோய்த்து, இடித்துச் சலித்து, தேனில் குழைத்து உண்ணுமாறு அவளைப் பணித்தேன். இவ்வேள்வியில் என் மீசையின் இடப்பாதி கருகிற்று. அவள் முகமோ நாளுக்கு நாள் சிவந்தது.

நிற்க. சுப்பம்மாள் வைத்தியருக்குச் செம்பில் நீர் கொணர்ந்தாள். அச்செம்பில் என் முகம் கண்ணாடியிற்போல் தெரிந்தமையால், எஞ்சிய மீசையைத் திருத்திக்கொண்டேன். பின்னர், இரும்பின் குணங்களைக் குறித்து அரைமணி நேரம் வைத்தியருக்கே பாடம் நடத்தினேன். கீரையைப் பற்றி அவர் முன்பு கூறியதையும் இருமுறை நினைவூட்டினேன். மகளை எண்ணி அவர் தலைகுனிந்து கேட்டார்.

இறுதியாக, மிகுந்த பெருந்தன்மையுடன் பொட்டலத்தை நீட்டினேன். சுப்பம்மாள் குறுக்கே வந்து அதைப் பற்றிக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு இதக் குடுத்துப்போடாதீங்க," என்றாள்.

நூலில் உள்ளதை நீ அறிவாயோ என்று வினவினேன். மாலை மணி நான்கு அடித்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனபோது என் மருத்துவப் புகழ் முற்றுப்பெற்றது.

"நானு தின்னது கீரதானுங்க, இதுல பாத்திரம் வெளக்குனேன்."