வயர்லெஸ்ஸில் வந்த சொல்

2004 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை. மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் பயங்கரவாத எதிர்ப்புக் கமாண்டோ பிரிவின் பெண்கள் அணிக்கு ஒத்திகை.

இடது பக்க அறைக்குள் ‘தீவிரவாதி’ இருப்பதாக ஏற்பாடு. கதவோரம் ஆறு பேர் குந்தியிருந்தார்கள்.

முன்னால் இருந்தவள் திருப்போரூர்ப் பக்கத்துக்காரி. ஆள் குள்ளம். அதனால் அணியில் அவளுக்குப் பெயர் பாப்பா.

இன்று தேறினால் கதவை உடைத்து முதலில் நுழையும் இடம் அவளுக்கு. சொதப்பினால் திங்கட்கிழமை முதல் செங்கல்பட்டில் பழைய பந்தோபஸ்து வேலை.

“இன்னா பாப்பா, ஒதைப்பியா, காலிங் பெல் அடிப்பியா?” என்றாள் பின்னாலிருந்த ஆராயி.

“நீ கம்முனு பின்னால வாக்கா.”

அந்த நேரம் காதுக்குள் வயர்லெஸ் கரகரத்தது. ஒரே சொல். இரண்டு முறை.

மற்ற ஐந்து பேரும் அப்படியே உறைந்தார்கள்.

பாப்பா கதவை உதைத்தாள்.

உள்ளே பனியன் போட்ட ஓர் ஆள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் தரையில் குப்புறக் கிடந்தார். முதுகில் அவள் முழங்கால்; முறுக்கிய கை அவள் பிடியில்.

இன்ஸ்பெக்டர் கோபாலகிருஷ்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். திருநெல்வேலிக்காரர்; முந்தின நாள்தான் பொறுப்பேற்றிருந்தார்.

“ஐயோ, டி.ஐ.ஜி. ஐயால்லா அது! பின்வாசல் வழியா முகம் கழுவ வந்திருக்காக. வேண்டாம், வேண்டாம்னு தொண்டை கிழியக் கத்துதேன். காதுல விழலையா?”

“வியுந்துச்சு சார். கூப்ட்டீங்க, வந்தேன்.”

“நான் எங்க கூப்பிட்டேன்?”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஊரில் தடுப்பவர்கள் ‘வோணாம்’ என்பார்கள். வயர்லெஸ் இரைச்சலில் கடைசி எழுத்து தேய்ந்து வந்த அந்தச் சொல்லால் பிறந்ததிலிருந்து யாரும் அவளைத் தடுத்ததில்லை.

“எம்பேரு வேண்டா சார். நாலாவதும் பொண்ணாப் பூட்ச்சுன்னு வச்சாங்க.”

 

“கையை மட்டும் விடும்மா, வேண்டா” என்றார் தரையில் கிடந்தவர்.

மாலையில் டி.ஐ.ஜி. இரண்டு உத்தரவு போட்டார்.

கதவில் முதல் இடம் அவளுக்கு.

தடுப்பதற்கு இனி ‘ஸ்டாப்’. மற்றச் சொல், அந்தப் பிரிவில், அவளைக் கூப்பிடுவதற்கு மட்டும்.