பெயர் கேட்காத பேட்டி

பிஷ்கெக் நகர ஆய்வு மையத்தில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்த பெர்மெத், ரஷ்யாவுக்குக் கூலிவேலைக்குப் போனவர்களைப் பெயர் கேட்காமல் தொலைபேசியில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று எதிர்முனைக் குரலைக் கேட்டதிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"இயற்பியல்ல முனைவர் பட்டம். காத்தாலை பத்தி ஆராய்ச்சி."

"இப்ப என்ன வேலை?"

"காத்தாலைக்கு அஸ்திவாரம் போடற இடத்துல சிமென்ட் மூட்டை தூக்கறேன்."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காலேஜ்ல பாடம் நடத்தறேன்னு சொல்லி வச்சிருக்கேன். நிஜம் தெரிஞ்சா என் பொண்ணு படிப்பை விட்டுடுவா."

பெர்மெத் எழுந்து நடந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"உங்க முதுகுவலி இப்ப எப்படி இருக்கு?"



"அம்மாகிட்ட சொல்லிடாதே, பெர்மெத்," என்றார் அவர்.